கரைய மறுத்த உப்பு

அத்தியாயம் 4

"இது உப்பு."

"சரி."

"உப்புன்னா தண்ணியில கரையணும்."

"எங்க வீட்டு ரசத்துல கரையுதுங்க," என்றான் டெஸ்மண்ட்.

"இது கரையல. கொழகொழன்னு ஆயிடுச்சு. ஏன்னா இது என்னோட உப்பே இல்ல. இவரு மாத்திட்டாரு!"

லோஷினியின் விரல் நீண்ட இடத்தில் யுகேந்திரன் உட்கார்ந்திருந்தான். அன்று சாயங்காலம் இருவருக்கும் பரிசம். உறவுக்காரர்களுக்கு நடுவே இருக்க வேண்டிய மாப்பிள்ளை, கூலாய் ஊரில் ஒரு தையல் கடையின் மாடியில், துப்பறியும் அலுவலகத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் செல்வராணி. காப்புறுதி நிறுவனத்தில் பல வருடம் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாகப் பலகை மாட்டியவர். அம்மா வீட்டில் சும்மா இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைத் துப்பறிய ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து பிள்ளைகளே பிடித்துக் கொடுத்த அறை இது. டெஸ்மண்ட் அவருடைய உதவியாளன், காரோட்டி, கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

"நிதானமா சொல்லும்மா," என்றார் செல்வராணி. "எனக்கு உப்புன்னா சமையல் உப்புதான் தெரியும்."

"இது அக்ரிலிக் அமிலத்தோட சோடியம் உப்புங்க அக்கா. ஜொகூர் பாருல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கேன். ஒவ்வொரு படிகமா, புள்ளைய வளர்க்கற மாதிரி வளர்த்தேன். இதை வச்சுத்தான் ஜப்பான்ல ரெண்டு வருஷ ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. நேத்து ஒண்ணை எடுத்துத் தண்ணியில போட்டா, கோந்து!"

"இவரு ஏன் மாத்தணும்?"

"நான் ஜப்பான் போகக்கூடாதுன்னு. 'நீ போகாம இருந்தா நல்லாருக்கும்'னு என் காதுபடச் சொன்னாரு."

"சொன்னேன்," என்றான் யுகேந்திரன். "ஆசைப்பட்டேன். ஆசைப்படறதும் திருடறதும் ஒண்ணா?"

"தம்பிக்கு எங்க வேலை?"

யுகேந்திரன் கொஞ்சம் தயங்கினான். "செனாய்ல. டயப்பர் கம்பெனி. தரப் பரிசோதகர்."

"டயப்பருக்குள்ள ஈரத்தை உறிஞ்சற வெள்ளைப் பொடி இருக்கும், இல்ல?"

"இருக்கு."

"அதுக்கு என்ன பேரு?"

அவன் இன்னும் தயங்கினான். லோஷினி முந்திக்கொண்டாள். "சோடியம் பாலி அக்ரிலேட். என் உப்போட மூலக்கூறு ஆயிரக்கணக்குல கைகோத்தா அதுதான் இது."

"அலமாக்! அக்கா, கேஸ் முடிஞ்சுது," டெஸ்மண்ட் எழுந்தான். "சாப்பிடப் போலாமா?"

"உக்காரு."

"இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள இவரு மாத்தலன்னு நிரூபிங்க," என்றாள் லோஷினி. "இல்லன்னா நான் பரிசத்துக்கு வரமாட்டேன்."

"நிரூபிச்சாலும் நான் வருவேனான்னு நான் இன்னும் சொல்லல," என்றான் யுகேந்திரன்.



லோஷினி மேசையில் வைத்திருந்த உப்புப் பாட்டிலைச் செல்வராணி கையில் எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி. தேத்தண்ணி நிறம். தோள்பட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு. உள்ளே பால் வெள்ளையாகச் சின்னச் சின்னக் குச்சிகள்.

"பாருங்க, பாட்டிலையே மாத்திட்டாரு," என்றாள் லோஷினி. "என் பாட்டில் பளிங்கு மாதிரி இருக்கும். இது பழுப்பு. என் லேபிளை உரிச்சு இதுல ஒட்டியிருக்காரு."

"உரிச்சு ஒட்டின லேபிளை நான் நிறையப் பார்த்திருக்கேன்மா. எரிஞ்சு போன கடைல எரியாத சாமானுக்கெல்லாம் அப்படித்தான் லேபிள் மாறும். ஒரு மூலையாவது சுருங்கியிருக்கணும். இது ஒட்டின இடத்துலயே இருக்கு." செல்வராணி யுகேந்திரன் பக்கம் திரும்பினார். "டயப்பர் பொடி கைவசம் இருக்கா தம்பி?"

"கீழ நிறுத்தியிருக்கற காடில சாம்பிள் இருக்கு."

"பரிசத்துக்குப் போற காடிலயா?" என்றான் டெஸ்மண்ட்.

"எங்க போனாலும் இருக்கும் அண்ணே. மாமியார் வீட்டுக்குக்கூட ஒரு பாக்கெட் எடுத்துட்டுப் போனேன்."

இரண்டு கிளாஸ் தண்ணீர் வந்தது. ஒன்றில் டயப்பர் பொடி. கண்மூடித் திறப்பதற்குள் அது உப்பி, வெந்த ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக நின்றது. இன்னொன்றில் பாட்டிலிலிருந்து ஒரு குச்சி. அது அவசரப்படவில்லை. ஓரம் இளகி, வழவழப்பாகி, செல்வராணி கரண்டியால் தூக்கியபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணு ஜவ்வரிசி, ஒண்ணு வெண்டைக்காய்," என்றார் செல்வராணி. "ரெண்டும் ஒரே பொடின்னு என் அடுப்பு ஒத்துக்காது. உன் படிகத்துக்குப் போட்டோ இருக்காம்மா?"

லோஷினியின் கைப்பேசியில் அந்தப் படிகப் புள்ளைகளின் போட்டோ நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி தெளிவாக மின்னின. அவற்றில் பெரியதற்கு ஒரு மூலையில் சின்ன உடைசல்.

செல்வராணி பூதக்கண்ணாடியைப் பாட்டில் மேல் பிடித்தார். வெள்ளையாகிப் போயிருந்த குச்சிகளில் பெரியது ஒன்று. ஒரு மூலையில் அதே சின்ன உடைசல்.

லோஷினி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "இது... இது என்னோடதுதான்."

"ஆள் அதே ஆள். குணம் மட்டும் மாறிப் போச்சு," என்றார் செல்வராணி.

"கல்யாணம் ஆன ஆம்பளைங்க மாதிரி," என்றான் டெஸ்மண்ட்.

"அப்ப நான் மாத்தலதானே?" யுகேந்திரன் நிமிர்ந்தான்.

"மாத்தல. ஆனா ஏதாவது பண்ணியிருக்கலாம்," என்றாள் லோஷினி. "சூடு காட்டினீங்களா? வெயில்ல வச்சீங்களா? பாட்டிலைக் கொண்டு வந்தது நீங்கதானே!"

"எங்கேர்ந்து கொண்டு வந்தாரு?" செல்வராணியின் குரல் மெதுவாக வந்தது. "பாட்டில் லேப்ல பூட்டி இருந்துச்சுன்னுல்ல நான் நெனச்சேன்?"

லோஷினி கீழே பார்த்தாள்.

"சொல்லும்மா. இந்தப் பொட்டு ஆராய்ச்சிக்கூடத்துல வச்சதா?"

"பூசைல வச்சது," என்றாள், காதில் விழுந்தும் விழாமலும். "எங்க லேப்ல சூடம் ஏத்தக்கூடாது. புகை மணி அடிச்சிடும். சரஸ்வதி பூசைக்கு அவங்கவங்க தொழில் சாமானைச் சாமி முன்னாடி வைக்கறாங்க, நான் மட்டும் எதை வைக்கறது? யோங் பெங்ல எங்க தாய்மாமா காளியப்பன், மசாலா ஸ்டோர்ல சூப்பர்வைசர். அங்க பூசை பெருசா நடக்கும். அவர்கிட்ட கொடுத்து வச்சேன். பூசை முடிஞ்சு இவருதான் போயி எடுத்துட்டு வந்தாரு. லேப்ல எங்க தலைவருக்குத் தெரிஞ்சா..."

"குங்குமம் வச்சாங்கன்னு ஜப்பான்காரன் கோவிச்சுக்க மாட்டான்," என்றான் டெஸ்மண்ட்.

செல்வராணி பொட்டை நகத்தால் சுரண்டினார். "இது குங்குமம் இல்ல. ஒட்டுற காகிதம். மாமா வீட்டு அத்தை வச்ச ஒட்டுப்பொட்டா?"

"அத்தை கம்பெனிப் பூசைக்கே போறதில்லங்க அக்கா."

"அப்ப இந்தப் பொட்டை வச்ச கையைப் பார்க்கணும். மாமாவுக்குப் போன் போடு."

மாமா போனில் குழைந்தார். மருமகளா, வாங்கம்மா, மாப்பிள்ளையுமா, வாங்க வாங்க. ஆனால் கம்பெனிப் பக்கம் வேண்டாம். சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அங்கேயே உட்காருங்கள், நானே வருகிறேன்.

"மருமக வர்றா, புது மாப்பிள்ளை வர்றாரு, மாமா கேட் பக்கம் வராதேங்கறாரு," என்றான் டெஸ்மண்ட். "நல்லா இருக்குலா இது."

ஹைவேயில் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. பின் இருக்கையில் ஒரு ஓரம் லோஷினி, மறு ஓரம் யுகேந்திரன், நடுவில் சாப்பாட்டுப் பைக்குள் பாட்டில். சிம்பாங் ரெங்கம் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பின்னால குளிருதா?" என்று கேட்டான் டெஸ்மண்ட். "நான் இன்னும் ஏர்கோனே போடல."

செல்வராணி சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோங் பெங் தாண்டி, தோட்டத்து ஓரம் அந்தச் சாப்பாட்டுக் கடை. காளியப்பன் முன்பே வந்திருந்தார். பருத்த உடம்பு, மேசை மேல் மஞ்சள் பொட்டு ஒட்டிய வெள்ளை ஹெல்மெட், மூக்கின் மேல் பழுப்புக் கண்ணாடி.

"மாமா ஸ்டைலா இருக்கீங்க," என்றான் டெஸ்மண்ட். "கூலிங் கிளாஸா?"

"இல்ல தம்பி, பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடிதான். கொஞ்சம் கறுத்துப் போச்சு." அவர் அவசரமாக அதைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ன சாப்பிடறீங்க? மாப்பிள்ளை, நுரை பொங்க ஒரு தே தாரிக் ஆத்தச் சொல்லட்டா?"

செல்வராணி பதில் சொல்லாமல் பாட்டிலை எடுத்து அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டிலின் பழுப்பும் கண்ணாடியின் பழுப்பும் ஒரே தேத்தண்ணியை இரண்டு கிளாஸில் ஊற்றிய மாதிரி இருந்தன.

"இந்தப் பொட்டு நீங்க வச்சதா ஐயா?"

"நான்தாம்மா. பூசைல எல்லாச் சாமானுக்கும் வைப்போமே. ஃபோர்க்லிஃப்ட்டு, பெட்டி, மருமக பாட்டில், எல்லாத்துக்கும்."

"குங்குமமா?"

"சந்தனம்தான் வைக்கறது. இந்தத் தடவ பாதியிலேயே தீர்ந்து போச்சு. நல்ல நேரம் போயிட்டே இருக்கு. கையில ஸ்டிக்கர் ரோல் இருந்துச்சு, பெட்டிங்களுக்கு ஒட்டறது. பார்க்க சந்தனப் பொட்டு மாதிரியே இருக்கும். சாமிக்கு என்ன தெரியப் போகுதுன்னு அதையே ஒட்டிட்டோம்." ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். "இதுலயும் அதுதான்."

"ஒரே ரோலு?"

"ஒரே ரோலு."

"அப்ப உங்க ஹெல்மெட்டுல மஞ்சளா இருக்கற பொட்டு, இவ பாட்டில்ல ஏன் சிவந்துச்சு?"

காளியப்பன் ஹெல்மெட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் தே தாரிக்கைப் பார்த்தார்.

"வெயில்ல..."

"ஹெல்மெட்டுதானே ஐயா வெயில்ல போகுது."

"அலமாக்," என்றான் டெஸ்மண்ட் மிக மெதுவாக.

"மூக்குக் கண்ணாடியும் பாட்டிலும் ஒரே இடத்துக்குப் போயிட்டு வந்திருக்கு," என்றார் செல்வராணி. "எங்கன்னு நீங்க சொல்றீங்களா, இல்ல எதிர்ல கேட்டுல போயி நான் கேக்கட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்!" காளியப்பன் இரண்டு கையையும் தூக்கினார். "சொல்றேன். பூசைக்கு மறுநாள் முதல் லோடு போகும்போது, ராசிக்கு ஒரு சாமானைப் பெட்டிக்குள்ள சேர்த்து அனுப்பறது எங்க வழக்கம். பெட்டிங்க வரிசையா ஒரு அறைக்குள்ள போயி, நடுவுல இருக்கறதை ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்துடும். கோயிலைச் சுத்தற மாதிரியே இருக்கும். மருமக வெளிநாடு போறாளேன்னு, மிளகாய்த்தூள் பெட்டிக்குள்ள வச்சு அவ பாட்டிலை ஒரு சுத்து விட்டேன். நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்! என் கண்ணாடியைக்கூட ஒரு தடவ அப்படிச் சுத்த விட்டிருக்கேன். போன வருசம் எங்ககூட வேலை செய்யற செல்வா அவன் காடி சாவிய வச்சான். புதுக் காடி வாங்கிட்டான்ல?"

"எப்படி வாங்கினாரு?" என்று கேட்டான் டெஸ்மண்ட்.

"பழைய காடி அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆகல."

"மாமா," லோஷினியின் குரல் கீச்சிட்டது. "நடுவுல இருக்கறதுன்னா என்ன இருக்கு நடுவுல?"

காளியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, காதோடு சொல்வது போலச் சொன்னார். "கோபால்ட்."

லோஷினி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "காமா கதிரா? நீங்க மசாலா ஸ்டோர்னு சொன்னீங்களே!"

"மெதுவா பேசும்மா! மசாலா வரும், கையுறை வரும், கதிர் காட்டிக் கிருமியைக் கொன்னு கப்பலுக்கு அனுப்புவோம். எல்லாம் முறைப்படிதான். கதிர் பட்ட பெட்டின்னு தெரியறதுக்குத்தான் அந்த ஸ்டிக்கர், உள்ள போனா மஞ்சள் சிவப்பாயிடும். ஆனா கதிருன்னு சொன்னா உங்க தனலெட்சுமி அத்தை என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? பேரப்புள்ளைங்களைத் தூக்க விடுவாளா? அதான் ஸ்டோர்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு அவளும் பரிசத்துக்கு வர்றா. நான்தான் பொண்ணு பக்கம் தட்டு மாத்தணும். மருமகளே, மாமாவைக் காட்டிக் கொடுத்துடாதம்மா!"

டெஸ்மண்ட் தன் நாற்காலியை மூக்குக் கண்ணாடியிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணும் பண்ணாது அண்ணே," என்றாள் லோஷினி. "கதிர் வந்து போயிடும், தங்காது. கண்ணாடி கறுக்கும், அவ்வளவுதான். ஆனா என் உப்பு..."

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் கோபம் இறங்கி வேறு ஏதோ ஏறுவதைச் செல்வராணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உப்புப் படிகத்துக்குள்ள மூலக்கூறுங்க வரிசை வரிசையா உக்காந்திருக்கும். இந்த அமிலம் நிறைவுறாத அமிலம். அதாவது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்து ஆளைப் பிடிக்க ஒரு கை மிச்சம். ஆனா சும்மா பிடிக்காது. கதிர் பட்டா, உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலேயே பக்கத்துல இருக்கறவங்களோட கைகோத்துக்கும். உருகவும் இல்ல, கரையவும் இல்ல. வெளியில பார்த்தா அதே குச்சி, அதே உடைசல். உள்ள எல்லாம் ஒரே சங்கிலி."

"எங்க மாதா கோயில்ல பூசை நடுவுல சமாதானம் சொல்லிக்கிற நேரம் மாதிரி," என்றான் டெஸ்மண்ட். "ஃபாதர் ஒரு வார்த்தை சொல்லுவாரு. பெஞ்ச விட்டு நகராம முன்னால பின்னால இருக்கறவங்க எல்லாருக்கும் கை கொடுப்போம். பேசாம இருக்கற மச்சானுக்குக்கூட."

"அதேதான்!" லோஷினி மேசையைத் தட்டினாள். "இதைச் செய்யத்தான் நான் ஜப்பானுக்கே போறேன். அதை எங்க மாமா மிளகாய்த்தூளோட செஞ்சு முடிச்சிட்டாரு!"

"அப்ப நான் நல்லதுதானே செஞ்சிருக்கேன்?" காளியப்பன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க பேசாதீங்க மாமா."

அப்போதுதான் கவனித்தார்கள். யுகேந்திரன் மேசையில் இல்லை. கடைக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். அவனுடைய தே தாரிக்கில் ஏடு படிந்திருந்தது.

"போம்மா," என்றார் செல்வராணி. "அதுக்கு நான் வர முடியாது."

லோஷினி போனாள். டெஸ்மண்ட் மென்றுகொண்டிருந்த ரொட்டியை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டான், காது நன்றாகக் கேட்பதற்காக.

"தப்பு என் மேலதான்," என்றாள்.

"ஆமா."

"கோவமா?"

"ஒரு கேள்வி கேக்கறேன். அப்புறம் சொல்றேன். நான் நெஜமாவே மாத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிற மாதிரி இல்லை.

"உங்களையேதான் கட்டிக்கிட்டிருப்பேன். ஆயுசு பூரா சொல்லிக் காட்டியிருப்பேன்."

"பரிசத்துக்கு வரமாட்டேன்னு சொன்னே?"

"வரமாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க வேணாம்னு சொன்னேனா?"

யுகேந்திரனின் வாயோரம் லேசாக அசைந்தது. ஆனால் அவன் இன்னும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப ஜப்பான் வேணாம்தானே? அங்க செய்யப் போறதை மாமா இங்கயே செஞ்சிட்டாரே."

அந்தக் குரலில் ஒளிந்திருந்த நப்பாசை உள்ளே மேசை வரைக்கும் கேட்டது. செல்வராணி கரண்டியைக் கீழே வைத்தார். பாட்டில் கேஸ் முடிந்துவிட்டது. இது வேறு கேஸ். இதற்குப் பூதக்கண்ணாடி உதவாது.

"தானா நடந்தா அது விபத்து," என்றாள் லோஷினி, ஒவ்வொரு வார்த்தையாக. "நானா நடத்திக் காட்டினாத்தான் ஆராய்ச்சி. சோடியத்துக்குப் பதிலா லித்தியம் போட்டா, பொட்டாசியம் போட்டா, வரிசை மாறும். கை எட்டுமா எட்டாதான்னு தெரியணும். நேத்து வரைக்கும் போகலாம்னு இருந்தேன். இப்ப நான் போயே ஆகணும்."

ஒரு செம்பனை லாரி அவர்களைக் கடந்து போனது.

யுகேந்திரன் கைப்பேசியை எடுத்தான்.

"யாருக்குப் போன்? உங்க அம்மாவுக்கா?" லோஷினியின் குரல் இறங்கியிருந்தது. "வர வேணாம்னு சொல்லப் போறீங்களா?"

"போன் இல்ல. தேடறேன்."

"என்னத்த?"

"ஜப்பான்ல டயப்பர் கம்பெனி இருக்கான்னு."

லோஷினி அவனைப் பார்த்தாள். "அங்க புள்ளைங்க கம்மியாச்சே."

"பெரியவங்க நிறைய. அவங்களுக்குத்தான் அதிகமா விக்குதாம். இங்க பாரு, தரப் பரிசோதகர் வேணும்னு போட்டிருக்கான்."

அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "ஜப்பான் பாஷை தெரிஞ்சிருக்கணும்னும் போட்டிருக்கான்."

"நீ கத்துக்கறதானே? அதே வாத்தியார்கிட்ட நானும் உக்காந்துக்கறேன்."

"நீங்க கிளாஸ்ல தூங்கிடுவீங்க."

"தூங்கினா எழுப்பு. இன்னிக்குச் சாயந்தரத்துக்கு அப்புறம் உனக்கு அந்த உரிமை இருக்கு."

உள்ளே, டெஸ்மண்ட் ரொட்டியை விழுங்கினான். "அக்கா, உங்களுக்குக் கண்ணு கலங்குதா?"

"சம்பால் காரம்," என்றார் செல்வராணி. காடிச் சாவியை அவன் பக்கம் தள்ளினார். "கிளப்பு. பொண்ணு இங்க, மாப்பிள்ளை இங்க, தட்டு மாத்தற மாமா இங்க. அங்க தட்டு மட்டும் தனியா உக்காந்துட்டிருக்கும்."